நான்காம் பாடத்துப் படப்பலகை

1

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை காலை பத்து மணி. வெளியே மைனஸ் இருபத்தாறு டிகிரி. கனடாவில், வினிபெக் நகரத்தில், என் வீட்டுச் சமையலறை மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு தமிழ் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். வாரம் ஒருமுறை நடக்கும் இணைய வகுப்பு அது. பதினான்கு பிள்ளைகள், பதினான்கு சின்னச் சதுரங்களில். மூன்றாம் பாடம் முடிந்து, நான்காம் பாடத்தைத் திறக்கச் சொன்னேன்.

பதினான்கு தலைகளும் திரைக்குப் பக்கத்தில் குனிந்தன. பிறகு யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்குப் பிறந்த பதினோரு வயதுச் சிறுமி ஒருத்தி கையை உயர்த்தினாள்.

"டீச்சர், நாலாம் பாடத்தில படம் ஒண்டும் வரேல்லை."

பக்கத்தை மூடித் திறக்கச் சொன்னேன். அப்படியும் வரவில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் வரவில்லை. நானே திறந்து பார்த்தேன். 'கடைத்தெருவும் ஆறும்' என்ற தலைப்பு இருந்தது. அதன் கீழே நான் எழுதிய இரண்டு வரி முன்னுரை இருந்தது. அதற்குக் கீழே, படங்கள் வரிசையாக நிற்கவேண்டிய இடத்தில், சாம்பல் நிறத்தில் ஒரு வெற்றுப் பெட்டி. இந்தப் பலகை இப்போது இல்லை என்று அதில் ஆங்கிலத்தில் ஒரு வரி.

பிள்ளைகளிடம் ஏதோ தொழில்நுட்பக் கோளாறு என்று சொல்லிவிட்டு ஐந்தாம் பாடத்துக்குப் போனேன். அன்று என்ன நடத்தினேன் என்று நினைவில்லை. இணையத்தில் அந்தப் படப்பலகையை வைத்திருந்தவள் என் சிநேகிதி ஸ்டெல்லா. அடுத்த வியாழக்கிழமையோடு அவள் இறந்து ஒரு வருஷம்.

2

நான் ஸ்ரீரங்கத்துக்காரி. ஸ்டெல்லா பாலக்கரை. இருவரும் திருச்சியில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் ஒன்றாகப் படித்தோம். தினமும் ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டி நான் சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கும்போது, அவள் எனக்கு முன்பே வந்து நின்றுகொண்டிருப்பாள். ஒருநாளும் அவள் தாமதமாக வந்ததில்லை, நான் ஒருநாளும் சரியான நேரத்துக்கு வந்ததில்லை. எங்கள் சிநேகிதத்தின் கடைசி வரைக்கும் அது அப்படியேதான் இருந்தது.

பயிற்சிக்காக எங்களைத் திருவானைக்காவலில் ஒரு பெண்கள் பள்ளிக்கு அனுப்பினார்கள். ஆறாம் வகுப்பு. நான் பக்கம் பக்கமாகக் குறிப்பு எழுதிக்கொண்டு போய் வாசித்தேன். முன்வரிசைப் பெண் கொட்டாவி விட்டாள். அடுத்த பீரியட் ஸ்டெல்லாவுக்கு. அவள் ஒரு துணிப்பையோடு உள்ளே போனாள். பையிலிருந்து ஒரு பூட்டு, ஒரு கைப்பிடி கொத்தவரங்காய், ஒரு சல்லடை என்று ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தாள். "இது என்ன? இதை வச்சு என்ன பண்ணுவோம்?" அவ்வளவுதான் கேட்டாள். நாற்பது பிள்ளைகளும் எழுந்து நின்று கத்த ஆரம்பித்துவிட்டார்கள். பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனார்.

முப்பது வருஷம் அவள் அப்படியே பாடம் நடத்தினாள். நான் கல்யாணமாகி, முதலில் மஸ்கட், பிறகு இங்கே என்று வந்துவிட்டேன். ஆசிரியர் வேலை எனக்கு வாய்க்கவில்லை. இங்கே எங்கள் படிப்பு செல்லாது. மறுபடி படித்து, ஒரு கல்லூரியில் இணையப் பாடங்களைக் கட்டமைக்கும் பிரிவில் சேர்ந்தேன். பேராசிரியர்கள் விஷயத்தைத் தருவார்கள். அதைப் பாடப்பக்கமாக அடுக்கி, படம், காணொளி, கேள்வித்தாள் எல்லாம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. காலை எட்டரைக்குப் போனால் நாலரை வரைக்கும் அதே வேலை. பத்தொன்பது வருஷமாகிறது.

3

தமிழ் வகுப்பு நான் சம்பளமில்லாமல் எடுத்துக்கொண்ட வேலை. இங்குள்ள ஒரு கல்வி அலுவலகம், பிற மொழிப் பிள்ளைகளுக்கு வார இறுதி வகுப்பு நடத்த இணையத்தில் இடம் கொடுக்கிறது. பாடப்புத்தகம் இருந்தது. அதில் கடைத்தெரு என்று ஒரு கோட்டுப் படம். நாலு கடை, ஒரு மரம். 'சந்து என்றால் என்ன' என்று ஒரு பையன் கேட்டான். நான் ஐந்து நிமிடம் விளக்கினேன். 'ஓ, பார்க்கிங் ஏரியா' என்றான்.

அன்று காலை வகுப்புக்குப் பிறகு ஸ்டெல்லாவுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். அவள் அப்போதுதான் பணி ஓய்வு பெற்று, பொழுது போகவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தாள். படங்களைப் பலகை பலகையாகச் சேர்த்து வைக்கும் சமூக ஊடகம் ஒன்றில் கணக்குத் தொடங்கி, கேக் படங்களும் பட்டுப்புடவைப் படங்களும் சேர்த்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். எனக்காக ஒரு பலகை போடு, திருச்சியைப் படம் எடுத்துப் போடு, ஒவ்வொரு படத்துக்கும் கீழே எளிய தமிழில் ஒரு வரி எழுது, அதை என் பாடப்பக்கத்தில் பதித்துக்கொள்கிறேன் என்றேன்.

பதிப்பது என்றால் என்ன என்று அவள் கேட்டாள். ஆங்கிலத்தில் எம்பெட் என்பார்கள் என்று சொன்னேன். அவளுடைய படத்தை எடுத்து நான் என் பக்கத்தில் ஒட்டிக்கொள்வதில்லை. அவள் பலகை என் பக்கத்தில் தெரிகிற மாதிரி ஓர் இடம் விடுகிறேன். அவள் அங்கே ஒரு படம் சேர்த்தால் இங்கே தானாக வந்துவிடும். அங்கே எடுத்துவிட்டால் இங்கேயும் போய்விடும்.

"அப்ப நான் பாலக்கரையில தொங்கவிட்டா உன் கிளாஸ்ல தெரியும்ங்கிற" என்றாள். ஆமாம் என்றேன். "எம்பெட். நல்ல பேருதான். பெட்ல படுத்துக்கிட்டே பாடம் நடத்தலாம்" என்று சிரித்தாள்.

மறுநாளே ஆரம்பித்துவிட்டாள். காந்தி மார்க்கெட்டில் வாழைத்தார். 'இது ஒரு தார். இதில் எத்தனை சீப்பு? எண்ணிச் சொல்லவும்.' ஜீயபுரம் சாலையில் வாழை ஏற்றிய லாரி. 'லாரி எங்கே போகிறது? உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.' இஸ்திரிக்காரர் பெட்டியில் கரி போடும் கை. 'இது சூடு. தொடாதே.' கொள்ளிடத்தில் வெறும் மணல். 'இது ஆறு.'

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வகுப்பில் பெரிய வாக்குவாதம். ஆறு என்றால் தண்ணீர் எங்கே? ஸ்டெல்லா டீச்சர் தப்பாக எழுதிவிட்டார் என்றார்கள். நான் ஸ்டெல்லாவிடம் சொன்னேன்.  மேட்டூரில் தண்ணீர் திறந்து, ஆடி மாதம் வந்து, கொள்ளிடத்திலும் வெள்ளம் வந்தபோது, அதே இடத்தில் நின்று இன்னொரு படம் எடுத்துப் போட்டாள். 'இதுவும் ஆறு.' அன்று நான் ஒன்றும் நடத்தவேண்டியிருக்கவில்லை. இரண்டு படங்களையும் பக்கம் பக்கமாக வைத்துப் பிள்ளைகளே பேசிக்கொண்டார்கள், பாதித் தமிழில், பாதி ஆங்கிலத்தில்.

4

இந்த நாட்டில் எதுவும் ஒரு படிவம் இல்லாமல் நடக்காது. நாலு மாதம் கழித்துக் கல்வி அலுவலகத்தில் ஓர் அம்மையார் எங்கள் பாடப்பக்கத்தைப் பார்த்திருக்கிறார். மிகவும் மரியாதையாக ஒரு மின்னஞ்சல் வந்தது. சமூக ஊடகப் பலகையைப் பாடத்தில் பதிக்கலாம், தடையில்லை. ஆனால் பலகையின் உரிமையாளர் ஒப்புதல் தரவேண்டும். முகம் தெரிகிற ஒவ்வொருவரும் ஒப்புதல் தரவேண்டும். இணைப்பாக, பதினொரு பக்கப் படிவம்.

அதை ஸ்டெல்லாவுக்கு அனுப்பினேன். அவள் உண்மையாகவே அச்செடுத்துக்கொண்டு சத்திரம் பேருந்து நிலையத்துப் பூக்கார அம்மாவிடம் போயிருக்கிறாள். ரேஷன் கார்டு ஏதாவது மாற்றித் தருகிறீர்களா என்று அந்த அம்மா கேட்டாராம். இல்லை, கனடாவில் உங்கள் படத்தைப் பிள்ளைகள் பார்க்கிறார்கள், அதற்குத்தான் என்றதும், பழைய புடவையோடு இருக்கிறேனே, நாளைக்கு வந்து வேறு படம் எடுங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டாராம். மறுநாள் ஸ்டெல்லா போய் எடுத்தாள். கையெழுத்தும் வந்தது.

ஆனால் இஸ்திரிக்காரர், டீக்கடைக்காரர், பஸ்ஸுக்கு நிற்கும் முப்பது பேர் என்று எல்லோரிடமும் போகமுடியாது. அதனால் அதன் பிறகு அவள் முகமில்லாமல் எடுக்கப் பழகிக்கொண்டாள். முதுகுகள், கைகள், செருப்புகள், குடைகள். "திருச்சி பூரா ஒருத்தருக்கும் மூஞ்சி இல்லடி இப்ப" என்றாள்.

அந்தப் படிவத்தில் எனக்கும் ஒரு பக்கம் இருந்தது. பதித்த படங்களை நகலெடுத்து வேறெங்கும் சேமிக்கமாட்டேன், உரிமையாளர் எப்போது வேண்டுமானாலும் நீக்கிக்கொள்ளலாம் என்று ஒப்புக்கொள்கிறேன். நான் கட்டத்தில் டிக் அடித்து அனுப்பினேன். அலுவலகத்தில் தினமும் செய்கிற காரியம். யோசிக்கவேயில்லை.

5

என் மகள் நிலாவுக்கு அப்போது பதினேழு. சிறுவயதில் என் வகுப்பிலேயே உட்கார்ந்தவள், பதின்மூன்று வயதில் இனிமேல் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். வீட்டில் இரண்டு ரேடியோ இரண்டு ஸ்டேஷனில் பாடுகிற மாதிரி இருக்கும். என் கணவர் இதில் தலையிடமாட்டார். காலையில் அவள் கதவை மூடுகிற சத்தம், மாலையில் திறக்கிற சத்தம், இரண்டுக்கும் நடுவில் எனக்கு அவளைப் பற்றி ஒன்றும் தெரியாது. தோழிகள் பெயர்கூட அரைகுறைதான். என்னைக் கேட்டால் அவள் தமிழை விட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது.

ஸ்டெல்லா இறந்த அந்தக் குளிர்காலத்தில் என் பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போயிருந்தது. பெயரில் என் அப்பா பெயரும் கணவர் பெயரும் இடம் மாறியிருந்ததால் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். அது தமிழில் இருந்ததால் மொழிபெயர்ப்பு கேட்டார்கள். மொழிபெயர்த்தவர் ஸ்ரீரங்கத்தை ஓர் எழுத்து மாற்றி எழுதிவிட்டதால் மறுபடி முதலிலிருந்து. இந்தக் கதையை வாராவாரம் ஸ்டெல்லாவிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். ஞாயிறு காலை ஏழு மணிக்கு நான் கூப்பிடுவேன். அங்கே மாலை ஆறரை.

ஜனவரியில் ஒரு ஞாயிறு, தொண்டை கட்டியிருக்கிறது, பேசமுடியவில்லை என்று எழுதினாள். அடுத்த ஞாயிறும் அதையே எழுதினாள். எனக்கும் வேலை அதிகம். புதிய பாடத்திட்டம், கல்லூரியில் ஒரே ஓட்டம். ஒருமுறை எப்படி இருக்கிறாய் என்று நான் எழுதியதற்கு, 'நான் இப்ப முழுசா எம்பெட்' என்று பதில் போட்டாள். பழைய நகைச்சுவை என்று நினைத்து ஒரு சிரிப்புப் படம் அனுப்பினேன்.

பலகையில் படங்கள் மட்டும் நிற்கவில்லை. தினமும் ஒன்று வந்துகொண்டிருந்தது. அதனால் அவள் நன்றாகத்தான் இருக்கிறாள் என்று எனக்கு எண்ணம். சனிக்கிழமை காலை வகுப்புக்கு முன் நான்காம் பாடத்தைத் திறந்து, பெட்டி வேலை செய்கிறதா என்று பார்ப்பேன். படங்கள் இறங்குகின்றனவா, வரிசை கலையவில்லையா, கைப்பேசியில் திறந்தால் அளவு சரியாக இருக்கிறதா. பார்த்துவிட்டு மூடுவேன். பத்தொன்பது வருஷமாக நான் பார்ப்பது அதைத்தான்.

ஒரு மாலை நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். நிலா சாப்பாட்டு மேசையில் கைப்பேசியோடு இருந்தாள். திடீரென்று, அதிசயமாக, தமிழில் கேட்டாள்.

"அம்மா, ஸ்டெல்லா ஆன்ட்டி வெளிய போறதே இல்லையா?"

ஏன் கேட்கிறாய் என்றேன்.

"எல்லா போட்டோவும் ஒரே விண்டோல இருந்து இருக்கு."

அங்கே வெயில் ஆரம்பித்திருக்கும், அதுதான் என்றேன். பிப்ரவரியில் திருச்சியில் வெளியே போகமுடியாத வெயில் அடிக்காது. எனக்கு அது தெரியும். ஆனாலும் அப்படிச் சொன்னேன், ஏனென்றால் கையில் சோப்பு நுரை இருந்தது, அவள் தமிழில் பேசியதில் எனக்குச் சந்தோஷம் இருந்தது, அந்த இரண்டையும் தாண்டி அவள் என்ன சொன்னாள் என்பதை நான் கேட்கவில்லை.

6

அதற்குப் பதினாறு நாள் கழித்து, காலை ஏழு மணிக்கு ஸ்டெல்லாவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. நான் வாசலில் கார்க் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துவிட்டு எடுத்தேன். தொண்டை சரியாகிவிட்டது, கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன்.

பேசியது அவள் கணவர் சவரிமுத்து. திருவெறும்பூரில் ஒரு லேத் பட்டறையில் மேற்பார்வையாளர். அதிகம் பேசாத மனிதர். இத்தனை வருஷத்தில் என்னிடம் அவர் பேசியதெல்லாம் சேர்த்தால் ஒரு பக்கம் வராது.

"ராஜிம்மா, ஸ்டெல்லா போயிட்டா" என்றார். "மூணு மணிக்கு."

கணையத்தில் புற்று. கண்டுபிடித்ததே முற்றிய பிறகு. கடைசி ஏழு வாரம் படுக்கையிலேயே இருந்திருக்கிறாள். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அந்த நேரத்தில் கேட்கக்கூடாத கேள்வி. அவர் பொறுமையாகப் பதில் சொன்னார்.

"அவதான் சொல்லக்கூடாதுன்னுட்டா. ராஜிகிட்ட பாஸ்போர்ட் இல்ல, கெடந்து தவிப்பா, அது வந்ததும் நானே சொல்லிக்கிறேன்னா. தினம் போனை எடுத்துப் பாப்பா, வந்துடுச்சுன்னு எழுதியிருக்காளான்னு."

பாஸ்போர்ட் வந்தது ஏப்ரல் கடைசியில். மே மாதம் திருச்சிக்குப் போனேன். விமானத்தில் முழுவதும் சவரிமுத்துவிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். இங்கே துக்கம் விசாரிக்க ஒரு வாசகம் உண்டு, 'சாரி' என்று தொடங்குவது. இத்தனை வருஷம் சொல்லிச் சொல்லி நாக்கு அதற்குப் பழகிவிட்டது. பாலக்கரையில் படியேறி, மாடியில் அவர் கதவைத் திறந்ததும், அதைத் தமிழில் சொல்ல வாயெடுத்தேன்.

"என்னை மன்னிச்சிடுங்கண்ணா."

அவர் குழம்பிப்போய் என்னைப் பார்த்தார்.

"நீங்க என்னம்மா பண்ணீங்க?" என்றார்.

துக்கம் கேட்கிற வழி இதுவல்ல என்பது அப்போதுதான் உறைத்தது. நம் ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. பேசாமல் உள்ளே போய் உட்கார்ந்தாலே போதும். தப்பான வார்த்தையைச் சொல்லிவிட்டேன். ஆனால் திருத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. மன்னிப்புத்தான் கேட்க வந்தேன் என்று, அதைச் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

அவள் கட்டில் ஜன்னலை ஒட்டி இருந்தது. அதில் உட்கார்ந்தேன். கீழே குறுகலான தெரு. எதிரே தையல்கடை. பக்கத்தில் ஒரு குழாயடி, மூன்று பிளாஸ்டிக் குடங்கள். மின்கம்பத்தில் சிக்கலாக ஒயர்கள். தூரத்தில் மாதா கோயில் கோபுரத்தின் நுனி. அவ்வளவுதான் தெரிந்தது. கடைசி ஏழு வாரமும் அவள் இதைத்தான் படம் எடுத்திருக்கிறாள். படுக்கையில் படுத்துக்கொண்டே போனை வைத்து என்னவோ நோண்டிக்கொண்டிருப்பாள், பொழுது போகட்டும் என்று நான் விட்டுவிட்டேன் என்றார் சவரிமுத்து. அது ஒரு வகுப்புக்காக என்று அவருக்குத் தெரியாது. நானும் விளக்கமாகச் சொல்லவில்லை. பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன்.

வினிபெக் திரும்பி வந்து ஒருநாள் பலகையைத் திறந்தேன். முதலில் வந்தது குழாயடியில் மூன்று குடம். மூடிவிட்டேன். அதற்குப் பிறகு நான் நான்காம் பாடத்தைத் திறக்கவேயில்லை. அந்த வருஷத்துப் பிள்ளைகளுக்கு அது முடிந்திருந்தது. அடுத்த வருஷத்துப் பிள்ளைகள் அங்கே வந்து சேர இன்னும் நாளிருந்தது. அதுவரைக்கும் அங்கேதானே இருக்கப்போகிறது, மனசு தேறியபின் நிதானமாக ஒவ்வொன்றாகப் பார்க்கலாம் என்று வைத்திருந்தேன்.

கல்லூரியில் ஒவ்வொரு பேராசிரியரிடமும் நான் சொல்வது ஒன்று உண்டு. பதித்ததை நம்பாதீர்கள், அது உங்களிடம் இல்லை, இன்னொருவரிடம்தான் இருக்கிறது. இதைச் சொல்லித்தான் சம்பளம் வாங்குகிறேன்.

7

அந்தச் சாம்பல் பெட்டியைப் பார்த்த மறுநாள், ஞாயிறு காலை ஏழு மணிக்குச் சவரிமுத்துவை அழைத்தேன். நிலா எழுந்துவந்து மேசையில் பாலில் கார்ன்ஃப்ளேக்ஸ் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன்.

வருஷ நினைவுப் பூசைக்குக் கோயிலில் சொல்லியாகிவிட்டதா என்று கேட்டேன். சொல்லியாயிற்று என்றார். உடம்பு எப்படி என்று கேட்டேன். பரவாயில்லை என்றார். பிறகு, சுற்றி வளைத்து, ஸ்டெல்லாவின் போன் யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன்.

தன் தங்கை மகளிடம் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அதற்குமுன் எல்லாவற்றையும் அழித்துவிடச் சொன்னாராம். டிசம்பரில் ஸ்டெல்லாவின் பிறந்தநாள். அன்று அந்தப் போனில் வாழ்த்தாக வந்து குவிந்திருக்கிறது. விஷயம் தெரியாதவர்கள், எங்கோ இருக்கும் பழைய மாணவிகள். பல்லாண்டு வாழ்க என்று. அவரால் தாங்கமுடியவில்லை. அவள் பெயரில் என்னென்ன கணக்கு இருக்கிறதோ எல்லாவற்றையும் மூடிவிடு என்று அந்தப் பெண்ணிடம் சொன்னாராம். அவளும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தேடி மூடியிருக்கிறாள். நல்ல பெண், ஒன்றையும் விடவில்லை என்றார்.

எல்லாவற்றையுமா என்று கேட்டுவிட்டேன். என் குரலிலிருந்து அவருக்கு எப்படியோ புரிந்துவிட்டது.

"ஏம்மா, தப்பு எதுவும் பண்ணிட்டேனா?"

"இல்லைங்கண்ணா. அதெல்லாம் ஒண்ணும் இல்ல."

"அதுல அவ எடுத்த படமெல்லாம் இருந்துச்சா?"

இந்த மனிதரிடம் இன்னொரு பொய் சொல்லவேண்டாம் என்று தோன்றியது. இருந்தது என்றேன். என் வகுப்புக்காக எடுத்தாள், இங்கே பிள்ளைகள் பார்த்தார்கள் என்றேன். வேறெங்கும் நகல் இல்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. அதை அவரே புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். 

"பக்கத்துலயே இருந்தேன்" என்றார். "என்ன எடுக்குறேன்னு ஒருநாள் கேக்கல. நீங்க பாத்தீங்கல்லம்மா. என்னென்ன இருந்துச்சு? சொல்லுங்க."

வாழைத்தார், இஸ்திரிப்பெட்டி, கொள்ளிடம் என்று சொன்னேன். பழையவை எல்லாம் நினைவிருந்தன. அதெல்லாம் அவள் நடமாடும்போது எடுத்ததாச்சே, கட்டிலில் இருந்து எடுத்தது எதெல்லாம் என்று கேட்டார். குழாயடி என்றேன். குடம் என்றேன். அதற்குமேல் என்னிடம் ஒன்றும் இல்லை. ஐம்பது படம் இருந்திருக்கும். ஐம்பதையும் நான் அளவு சரியாக இருக்கிறதா என்று பார்த்திருக்கிறேன்.

நிலா கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து வந்தாள். என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"அங்கிள், நான் நிலா. நான் பாத்தேன். நான் சொல்றேன்."

சொன்னாள். உச்சரிப்பு சரியில்லை, வாக்கியம் உடைந்து உடைந்து வந்தது, ஆனால் நிறுத்தவில்லை. தையல்கடையில் ஒரு பச்சைத் துணி தொங்குது. அதில் ஆன்ட்டி எழுதினாங்க, 'இது யாருடைய சட்டை?' ஒயர்ல ஒரு பேர்ட். காக்காவா பாப்பா என்று அவர் கேட்டார். இல்லை, சின்னது, ப்ரௌன். குருவி, தவிட்டுக்குருவி என்றார். ஆமா, அது ரெண்டு நாள் வந்துச்சு, மூணாவது நாள் வெறும் ஒயர், 'இன்று வரவில்லை'னு போட்டிருந்தாங்க. மழை பெஞ்ச ஒரு நாள், சின்ன ரிவர் மாதிரி தெருவுல தண்ணி. ஜன்னல் கம்பியில ஒரு கை, ரொம்ப ஒல்லியா, அதுக்கு மட்டும் ஒண்ணும் எழுதலை. அவர் ஒவ்வொன்றுக்கும் ம் என்றார். சொல் தெரியாத இடத்தில் அவர் எடுத்துக் கொடுத்தார், அவள் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு மேலே போனாள்.

வகுப்பை விட்ட நாலு வருஷமும் அந்தப் பக்கத்தை இவள் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியாது. ஏன் என்று அவளிடம் நான் இன்றுவரை கேட்கவில்லை.

"ஒண்ணுல நீங்க இருக்கீங்க, அங்கிள்" என்றாள் நிலா.

"நானா?"

"ஃபேஸ் தெரியாது. மேல இருந்து எடுத்தது. குடை மட்டும், கறுப்பு. அப்புறம் கையில ஒரு சின்ன வெள்ளை கவர். வீட்டுக்கு வரீங்க."

"என்னன்னு எழுதியிருந்தா?"

நிலா கண்ணை மூடிக்கொண்டாள். பாடப்புத்தகம் வாசிக்கிற மாதிரி, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்.

"இவர் யார்? இவர் என் கணவர். தினமும் ஐந்து மணிக்கு வருகிறார். இன்று பத்து நிமிடம் தாமதம்."

 தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நிலா போனைத் திருப்பிப் பார்த்தாள். அறுந்திருக்கவில்லை.

"மருந்துக் கடையில கூட்டமா இருந்திருக்கும் பாப்பா" என்றார் சவரிமுத்து.